நீ அனுப்பிய சைலன்சர் விஷயமாக

அன்பிற்குரிய மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். எண்ணாவிட்டாலும் கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். இங்கே உன் அக்காவும் என் மகளும் மிகவும் சௌக்கியம். என்னைப் பற்றி இந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன், காரணம் கீழே வருகிறது. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ போனில் பேசியதைக் கேட்டதால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

உனக்கு வண்டி உதிரிபாகக் கடை, எனக்கு அலுவலகத்தில் ஆவணப் பிரிவு. உன் கடையில் எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நான் ஒரு நாளாவது கேட்டதுண்டா? நீ மட்டும் என் வண்டியின் சைலன்சரில் எங்கே ஓட்டை, எத்தனை ஓட்டை என்று விசாரித்தாய். பதினெட்டு வருஷ வண்டி, ஓட்டை இருக்கத்தான் செய்யும். சத்தம் தெருவையே எழுப்புகிறது, கம்பெனி சைலன்சர் இப்போது வருவதில்லை, வெளித் தயாரிப்பு ஒன்று இருக்கிறது, கம்பெனியுடையதைவிட மேல், ஒரே ஒரு ஸ்பானர், அரை மணி நேரம், குழந்தைகூட மாட்டிவிடும் அத்தான் என்றாய். உன் அக்கா மட்டும் வேண்டாம் என்றாள். பழசே இருக்கட்டுமே, ஓடத்தானே செய்கிறது என்று ஒரு தரம் அல்ல, மூன்று தரம் சொன்னாள். பழகிய பொருள் மேல் இவளுக்கு எவ்வளவு பாசம், மனைவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே, தையல்காரர் கடை வாசலுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில், வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். இன்ஜினோடு குழாயைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளும் துருவேறி, நட்டு எங்கே முடிகிறது இன்ஜின் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தன. துரு எண்ணெய் ஊற்றினேன், காத்திருந்தேன், மறுபடி ஊற்றினேன், ஸ்பானரைப் போட்டுத் தம் கட்டி இழுத்தேன், ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டி இன்ஜின் விளிம்பில் போய் இடித்துத் தோல் உரிந்தது, நீ சொன்ன அந்தக் குழந்தை யார் என்று தெரிந்திருந்தால் கையோடு அழைத்து வந்திருப்பேன். ஒரு வழியாகக் கழன்றது. எங்கள் பிரிவில் ஒரு குண்டூசியைக்கூட எண் போடாமல் இடம் மாற்ற மாட்டோம் என்பது உனக்குத் தெரியும். ஆகவே கழற்றிய நட்டு, போல்ட், வாஷர் ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, முன்-ஒன்று, முன்-இரண்டு, பின்-ஒன்று என்று பேனாவால் லேபிள் எழுதித் தொங்கவிட்டு, துரு போகட்டும் என்று எல்லாவற்றையும் ஒரு கிண்ணம் எண்ணெயில் ஊறப் போட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த உன் அக்கா, “ஏங்க, எண்ணெயில போட்டா இங்க் நிக்குமா?” என்று கேட்டாள். நீ குழாயை மட்டும் பிடி என்றேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பதினோரு லேபிளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. எது முன், எது பின் என்று கேட்டு என்னைப் பார்த்தாள் மகள். அவள் கையில் நீ வைத்தனுப்பிய தாள் இருந்தது. ஆறு படம், நாலு அம்புக்குறி, ஒரு ஆச்சரியக்குறி. அதை வைத்து என்ன செய்வது? லேபிள் இல்லாத நட்டு நட்டே இல்லை என்று நான் சொன்னது உண்மை. சொல்லவில்லை என்று எங்கும் மறுக்கவில்லை.

பெட்டியில் தனியாக ஒரு சின்னக் குழாயும் இருந்தது. அதைச் சைலன்சரின் வாயில் செருகினால் சத்தம் அடங்கும், செருகாவிட்டால் அதிரும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தாளில் செருகவும் என்று போட்டிருந்தது, செருகினேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் தாளில் போட்டிருப்பதை நான் மீறியதில்லை. அன்றைக்கு ஒரு நாள் மீறியிருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் முடுக்கி முடிக்கும்போது மணி மூன்று, கையில் ஒரு நட்டு மிச்சம். பழைய சைலன்சர் மேல் முட்டி நிற்கும் சென்டர் ஸ்டாண்டுக்கு இப்போது முட்ட இடமில்லாமல், அது நேராகப் போய்ச் செயினில் தட்டியது. அதற்கு ஒரு ரப்பர்த் துண்டைக் கட்டினேன். வண்டியைக் கிளப்பினேன். எண்ணெய்க் கையால் புதுக் குழாயைத் தொட்டால் துடைத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டுமாம், அது தாளின் பின்பக்கம் போட்டிருந்தது. குபுகுபுவென்று புகை கிளம்பியது. தையல்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து குழாயைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் ஊற்றினார், மற்ற எல்லாவற்றிலும் நானும் அடக்கம். புகை அடங்கியதும் பார்த்தால், பளபளவென்ற குழாயில் என் வலது கை ஐந்து விரலும் பழுப்பு நிறத்தில் வெந்து பதிந்திருந்தன. உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறினாள். தோள் குலுங்கியது. பாவம், புகை ஒத்துக்கொள்ளவில்லை, இருமுகிறாள் என்று நினைத்தேன்.

ஆனால் சத்தம் என்ற ஒன்றே இல்லை. உன் சரக்கைக் குறை சொல்ல மாட்டேன், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. தையல்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, உங்கள் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் தினமும் மணி ஆறேகால் என்று கடை விளக்கைப் போடுகிறேன், இனி என்ன செய்வது என்றார். என் நேரந்தவறாமையை ஊரே கவனிக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அன்று மாலை அந்தப் பெருமையோடுதான் குளித்தேன்.

நேற்று திங்கட்கிழமை. அலுவலகம் முடிந்து வழக்கம்போல் ஆறேகாலுக்கு வந்தேன். தையல்காரர் இருட்டில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மாடியேறினேன். பாதிப் படியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் வயிறு வலிக்கச் சிரிக்கிறாள், நடுவில் மூச்சு வாங்குகிறாள், மறுபடி சிரிக்கிறாள். வீடு மாறி ஏறிவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தேன். எங்கள் எண்தான். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே என் மகள் என் பழைய மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, ஒரு கரண்டியில் நூல் கட்டிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். “லேபிள் இல்லாத நட்டு நட்டே இல்லை. எழுதிக்கோ,” என்றாள். என் குரல், அச்சு அசல் என் குரல். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இந்தத் திறமை இருப்பது எனக்கு இருபத்துநாலு வருஷமாகத் தெரியாது. உன் அக்கா தரையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் நீ இருந்தாய். மூன்று பேரில் உன் சிரிப்புத்தான் பெரிது.

“தெருமுனையில அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு வாய் தானா மூடிக்கும்டா,” என்றாள் உன் அக்கா.

“அதுக்குத்தானக்கா சைலன்சர் அனுப்பினேன். இனிமே சத்தமே கேக்காது.”

“அதாண்டா பயமா இருக்கு. இனிமே அவர் எப்ப வந்து நிப்பாருன்னே தெரியாதே.”

அப்போது நான் வந்து நின்று மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

முதலில் மகள் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு உன் அக்கா காலை மடக்கிக்கொண்டாள். எனக்கு அந்தக் காலை மடக்கியதுதான் தாங்கவில்லை, அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. உனக்கு ஒன்றும் தெரியாமல் நீ மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாய், பிறகு என்ன, ரெண்டு பேர் சத்தத்தையும் காணோம் என்று கேட்டாய். மகள் போனை அணைத்தாள். டீ வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. செய்தி பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள், பார்த்தேன்.

நான் உன்னைக் கேட்கிறேன், நீ நெஞ்சில் கை வைத்துச் சொல். நான் கை நீட்டியிருக்கிறேனா? குடித்துவிட்டு வந்திருக்கிறேனா? ஒரு நாள் வீட்டுக்குத் தாமதமாக வந்திருக்கிறேனா? விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டிருப்பேன். குழாய் ஏன் சொட்டுகிறது, செய்தித்தாளை யார் கலைத்தது, கத்தரிக்கோல் ஏன் அதன் இடத்தில் இல்லை என்று கேட்டிருப்பேன். வேறு என்ன பண்ணிட்டேன்? ஆறேகால் வரைக்கும் சிரிக்கிற வீட்டில் நான் ஆறேகாலுக்கு மேல் குடியிருந்திருக்கிறேன், அது தெரியாமலே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். என் பிரிவில் காணாமல் போன கோப்பு என்று ஒன்று கிடையாது. என் வீட்டில் ஒருத்தி சிரிப்பது காணாமல் போயிருக்கிறது, எந்த வருஷம் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனவே உன் சைலன்சரை, சின்னக் குழாயுடனும் என் ஐந்து விரல் ரேகையுடனும், திருப்பி அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு அனுப்பவும். இனி என் வீட்டுப் போனில் நான் இல்லாத நேரத்தில் உன் முகம் தெரியக் கூடாது. பேச வேண்டுமானால் ஆறேகாலுக்கு மேல் கூப்பிடு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன், அப்படி என்னதான் சிரிப்பு என்று பார்ப்போம். நீ நேரில் வந்து இதற்கு விளக்கம் சொல்லும் வரை நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடியின்றி, நல்ல படிப்பும் நல்ல புத்தியும் பெற்று வளர என் ஆசிகள். நல்ல புத்தி விஷயத்தில் அவர்கள் தகப்பனைப் பார்க்காமல் இருப்பார்களாக.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை எழுதி நான்கு நாள் ஆகிறது. தபால்தலை ஒட்டிய பிறகும் பையிலேயே வைத்திருந்தேன். புதன்கிழமை அந்தச் சின்னக் குழாயை உருவிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், சத்தம் வந்தது, ஆனால் யாரோ காலேஜ் பையன் வண்டி மாதிரி வந்தது. தையல்காரர் தலை நிமிரவில்லை. நேற்று லீவு போட்டுவிட்டுப் பழைய ஓட்டைச் சைலன்சரை நானே மாட்டினேன். லேபிள் போடவில்லை. மிச்சமிருந்த நட்டுக்கும் இடம் கிடைத்தது. உன் அக்கா இறங்கி வந்து ஏன் என்று கேட்டாள், புதுசு ஸ்டாண்டுக்கு ஒத்து வரவில்லை என்றேன். மேலே போய்க் கை துடைக்கத் துணி கொண்டு வந்து கொடுத்தாள். இன்று தெருமுனையிலேயே ஒரு தரம் நன்றாக முறுக்கினேன், ஸ்டாண்டைப் போட நேரம் எடுத்துக்கொண்டேன், படியில் இருமிக்கொண்டே ஏறினேன். போன் அதன் இடத்தில் இருந்தது, சர்க்கரை டப்பாவும் அதன் இடத்தில் இருந்தது, உன் அக்கா நாற்காலியில் இருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நீ விளக்கம் சொல்ல வர வேண்டாம். ஐந்து மணிக்கே கூப்பிடு, அவளுக்கு முழுசாக ஒரு மணி நேரம் கிடைக்கும். ஆறேகாலுக்குத் தெருமுனையில் சத்தம் கேட்கும், அதற்குள் சிரித்து முடித்துக்கொள்ளுங்கள்.