வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்

லா பாஸ் நகரத்தில் கல்யாணமான ஆண்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கல்யாணமாகவில்லை. ஊரே ஒப்புக்கொண்ட சலுகை. ஆபீஸ் முடிந்ததும் நேராக மதுக்கடை, பீர், பகடை. ஒரே நிபந்தனை, ஆபீசிலிருந்து போகவேண்டும்.

ஃபாஸ்தோவுக்கு வந்த கஷ்டமே அதுதான். மூன்று வருஷமாக ஆபீஸ் அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரை மூடினால், எதிரே மனைவி செனோபியா ராத்திரி சூப்புக்கு நறுக்கச் சொல்லி உருளைக்கிழங்கையும் கத்தியையும் நீட்டுகிறாள். எந்த ஆண்பிள்ளை தாங்குவான்?

இத்தனைக்கும் அவர் லேசுப்பட்ட ஆளில்லை. நகரசபையில் பஸ் வழித்தடம் போடும் மேதை. "எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், இனி யாருக்குப் பஸ்?" என்று எழுதி, தன் மலைச்சரிவுப் பேட்டையின் பஸ்ஸையே நிறுத்தியவர். சந்தைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்கள் மேதையின் கண்ணுக்குப் பயணிகளாகவே படவில்லை. அவர்கள் மூட்டையும் முடிச்சுமாக மேடேறி மூச்சிரைத்தார்கள். ஐயா ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

இப்போது அதே பேனா மாற்றி எழுதியது. ஊழியர்கள் வாரம் ஒருநாள் ஆபீசில் கூடுவது அவசியமாம். ஆகவே வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கீழே இறங்க ஒரு பஸ், ஒன்பது மணிக்கு மேலே ஏற ஒரு பஸ். மேலதிகாரி ஹிமேனா அம்மாள் திரையில் தலையாட்டிவிட்டார். பாக்கி, பேட்டைக் குழுத் தலைவியின் கையெழுத்து. தலைவி வேறு யாருமில்லை, செனோபியாதான்.

"ஏங்க, ஊர்ல எல்லாரும் நாலு மணிக்கு ஆபீசை விட்டு வருவாங்க. நீங்க அப்பத்தான் போறீங்களா?"

"புது ஏற்பாடுடி. கலந்து பேசணும்."

"அஞ்சு மணி நேரமா?"

"பயணிகள் விவரம் எல்லாம் இருக்குல்ல? உருட்டிப் புரட்டிப் பாக்கணும்."

"உருட்டுவீங்க, உருட்டுவீங்க. சரி, பஸ்ல ஆள் ஏறலேன்னா?"

"இருபத்தெட்டு சீட்டும் நிரம்பலேன்னா அடுத்த வாரமே நிறுத்திருவாங்க. நான் போட்ட விதி."

"ஐயோ பாவம். அதை நான் பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு சுலபமா என்று ஃபாஸ்தோ ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிப்பது அவர் வழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கே குழுக் கூட்டம் என்று செனோபியா கிளம்பிப் போனாள். ஃபாஸ்தோ சென்ட் அடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றார். மேலேயிருந்து பஸ் வந்தது. உள்ளே ஒரே சிரிப்பு, கும்மாளம். இருபத்தெட்டுப் பெண்கள். முன் ஜன்னலில் செனோபியா.

"என்னடி இது! எந்திரி, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு!"

"சீட்டெல்லாம் நிரம்பிருச்சுங்க. உங்க விதியைக் காப்பாத்திட்டேன்."

"நின்னுக்கிட்டே வரேன்!"

டிரைவர் தலையை நீட்டினார். "இந்தப் பஸ்ல நிக்கக் கூடாதுங்கய்யா. திட்டத்துல நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"அடியே, ஆபீஸ்ல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்கடி!"

"அப்படியா? உங்க ஹிமேனா அம்மா இதோ என் பின் சீட்லதான் பகடை உருட்டிக்கிட்டிருக்காங்க. புது பஸ்ஸைப் பாருங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். இன்னிக்கு ஆபீஸ் உண்டான்னு கேட்டுச் சொல்லட்டுமா?"

ஃபாஸ்தோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேண்டாம்மா. ராத்திரி சூப்பை எத்தனை மணிக்கு அடுப்பில ஏத்தணும்?"