சாமித் தேசிக்காயும் அரைப் போத்தல் பிளீச்சும்

இதை எழுதுவோமா விடுவோமா என்று நாலு வருசம் யோசித்தேன். பேனையை எடுத்தாலே வெட்கம் வந்து கையைப் பிடித்துவிடும். ஆனால் போன கிழமை கோயிலில் ஒருத்தி, "பிளீச்சுக்குள்ள தேசிக்காயும் விட்டால் இன்னும் வெளுக்குமாம்" என்று கதைத்ததைக் கேட்டேன். இனியும் பேசாமல் இருந்தால் பிள்ளையார் என்னை மன்னிக்க மாட்டார்.

ஓமந்தைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தம்பி ஒரு தோய்க்கிற மெசின் வாங்கித் தந்தான். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு, கொஞ்சத் தண்ணீரிலேயே தோய்த்துவிடும். (கோடையில் எங்கள் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.) என் மனுசனின் தாய், மாமிக்குத்தான் பிடிக்கவில்லை. "கை ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு, பிள்ளை?" என்றா. அவாவுக்கு இழுப்பு வருத்தம். மூச்சு முட்டினால் வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம் எப்போதும் மடியில் இருக்கும்.

புது வாகனத்துக்குச் செய்வதுபோல மெசினுக்கு விபூதி பூசி, கோயிலில் தந்த இரண்டு தேசிக்காயை மேலே வைத்துக் கர்ப்பூரம் காட்டினேன். கண்ணூறு படக்கூடாதென்று மெசின் நிற்கிற குளியலறையின் யன்னலையும் சாத்தினேன். பிறகு, திருவிழாவுக்கு இவர் கட்டவேண்டிய வேட்டியை, சந்தனக் கறையோடு உள்ளே போட்டேன். மெசினின் தூள் தட்டுக்குள், கைத்தோய்ப்புக் கணக்கில் மூன்று சிறங்கை தூள். பிளீச் அரைப் போத்தல். சாமித் தேசிக்காயை வீணாக்கலாமா? வெட்டி அதே தட்டுக்குள் பிழிந்தேன். அருளும் சேர்ந்தால் கறை நிற்குமா என்பது என் விஞ்ஞானம் (ஒன்பதாம் வகுப்போடு நின்ற விஞ்ஞானம்).

மெசின் பிடிக்காத மாமி, கதிரையை இழுத்து அதற்கு முன்னாலேயே போட்டுக்கொண்டு இருந்தா. "எடியே, உன்ர மனுசன்ர வேட்டி தலைகீழாச் சுத்துது!" என்று ஒரே சிரிப்பு. நான் குசினிக்குப் போய்ச் சட்டியை இறக்குவதற்குள் அந்தச் சிரிப்பு இருமலாகிவிட்டது. ஓடிவந்தேன். தட்டால் நுரை பொங்கி வழிகிறது. மூக்கைக் கீறுகிற நெடி. மாமி நெஞ்சைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவிக்கிறா. நானோ "பிள்ளையாரே!" என்று கத்தினேனே தவிர, யன்னலைத் திறக்கத் தோன்றவில்லை.

பிள்ளையார் செல்வியை அனுப்பினார். பக்கத்து வளவுக்காரி, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கத்தல் கேட்டு வேலிப் பொட்டால் புகுந்து வந்தவள், "மூச்சப் புடிச்சிக்கங்க அக்கா! அம்மாவத் தூக்குங்க!" என்றாள். இருவருமாக மாமியை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தோம். அவளே பம்மை அடித்தாள். பிறகு மெயின் சுவிச்சையும் நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னத்த அக்கா கலந்தீங்க?"

"பிளீச்... சாமித் தேசிக்காய்..."

"சாமி குடுத்தாலும் புளி புளிதாங்க! பிளீச்சோட புளி, வினாகிரி, கக்கூஸ் கழுவுற அசிட் ஒண்ணும் சேரப்படாது. நஞ்சுக் காத்து வரும். எங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்தது இதாங்க."

ஓட்டோவில் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமிக்கு ஒட்சிசன் வைத்தார்கள். வாசலில் நின்று நான் வைக்காத நேர்த்தி இல்லை. பின்னேரம் முகமூடியை விலக்கி மாமி கேட்ட முதல் கேள்வி, "வேட்டி வெளுத்ததோ?"

அதன் பச்சைக் கரைதான் வெளுத்தது. சந்தனம் அப்படியே இருந்தது.

இப்போது, இந்த மெசினுக்கென்று விற்கிற நுரை குறைந்த தூளை அளந்துதான் போடுகிறேன். பிளீச் வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும், அதற்குரிய குழியில், மெசினோடு வந்த புத்தகத்தில் போட்ட அளவுக்கு. வேறொன்றும் அதோடு சேராது. யன்னல் திறந்திருக்கும். கண்ணூறு பட்டால் படட்டும்.

வீட்டுக்கு யார் வந்தாலும், "இவள்தான் எனக்கு நுளம்புப் புகை அடிச்ச மருமகள்" என்று மாமி அறிமுகப்படுத்துவா. அதைச் சொல்ல அவாவுக்கு மூச்சு இருக்கிறதே என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். செல்விக்கும் அவளை அனுப்பியவருக்கும் கோடி நன்றி.

வாசிப்பவர்கள் இதை உங்கள் வீட்டாருக்கும் அயலுக்கும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கோ. என் மானத்தை நினைத்து ஒன்றையும் குறைக்க வேண்டாம். கூட்டவும் வேண்டாம். தேசிக்காய் இரண்டுதான், மாமி ஆறு என்பா.