தூக்காத கை

தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா புருஷன் கையை உயர்த்தியபோது, பெயின்டரின் வலது கை நெஞ்சுக்கு மேல் போகவில்லை. முகவாயை மட்டும் லேசாக அசைத்துவிட்டு நடந்தார்.

சாயங்காலமே அக்கா போன் செய்தாள்.

"உங்க அத்தான் கையாட்டினா நீ திரும்ப ஆட்ட மாட்டியாமே? தலைக்கனமா?"

"தலை இல்லக்கா..." என்று ஆரம்பித்தவர் தோள்வலியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

அத்தான் எலக்ட்ரீஷியன். அவர் சொல்லிவிடும் வீடுகளில்தான் இவருக்குப் பாதி வேலை. கை தூக்கி சீலிங் பூச முடியாத பெயின்டர் என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார்.

மறுநாள் டாக்டரிடம் போனார்.

"தோள்ல எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவுல சின்னதா ஒரு நீர்ப்பை இருக்கு. ரெண்டும் உரசாம பாத்துக்கறதுதான் அதோட வேலை. நீங்க அண்ணாந்து பூசிப் பூசி அதுவே வீங்கிப் போச்சு. கொஞ்ச நாள் கையை உயரத் தூக்காதீங்க, ஐஸ் வைங்க. அதுக்காக ஒரேயடியா அசைக்காமயும் இருக்காதீங்க, தோள் இறுகிடும்."

"வேலைக்குப் போகணுமே?"

"தாழ்வான சுவரா பாத்துப் பூசுங்க."

அப்படிப்பட்ட சுவர் கட்டுகிற யாரையும் அவருக்குத் தெரியாது.

அடுத்த முறை அத்தானைக் கண்டதும் முந்திக்கொண்டு இடது கையை ஆட்டினார். பழக்கமில்லாத கை. யாரையோ விரட்டுவதுபோல ஆடியது.

"போ போன்னு துரத்தினியாமே?" என்றாள் அக்கா.

நேரில் போய்ச் சமாதானம் பண்ணிவிடலாம் என்று அவர்கள் வீட்டுக்கே போனார். வாசல்வரை வந்து அழைக்கும் மனிதர், அன்று நாற்காலியை விட்டு எழவில்லை. முகம் கடுகடுவென்றிருந்தது.

"வா" என்றார். அவ்வளவுதான்.

பெயின்டருக்குச் சுருக்கென்றது. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

சில மாதம் பேச்சில்லை. பிறகு அக்காவே கூப்பிட்டாள்.

"நாங்க ஊர் மாறிப் போறோம்டா. அவருக்கு அங்க ஒரு கடையில உக்காந்து பாக்குற வேலை. பீரோவைக் கீழ இறக்கணும், நீ கொஞ்சம் வா. இவர் தொடமாட்டேங்கறார்."

"அவர் தொடமாட்டார், நான் மட்டும் வந்து தூக்கணுமா?"

வாய் தவறி வந்துவிட்டது. அக்கா போனை வைத்துவிட்டாள்.

லாரி கிளம்பும் நேரத்தில் பெயின்டர் அவர்கள் தெருமுனைவரை போனார். கூலியாட்கள் பீரோவை ஏற்றுவதைப் பார்த்தார். இன்னும் பத்தடி நடந்திருக்கலாம். நடக்கவில்லை.

அதன் பிறகுதான் பிசியோதெரபிக்குப் போக ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டச் சொன்னார்கள். மெதுவாக வலி குறைந்தது. ஒருநாள் கை தலைக்கு மேலேயே போய்விட்டது. ஆட்டிக் காட்டத்தான் எதிர்ப்பக்கத்தில் ஆளில்லை.

"நல்லா தூக்கறீங்களே. அப்புறம் ஏன் சார் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டாள் தெரபிஸ்ட் பெண்.

"எங்கக்காவோட பேச்சே நின்னு போச்சும்மா. எல்லாம் அத்தானால வந்தது. வீடு தேடிப் போனவனுக்கு நாற்காலிய விட்டு எழுந்திரிக்கக்கூட மனசு வரலை அந்த மனுஷனுக்கு."

துண்டை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"கையத் தூக்காத மச்சினன் நீங்கதானா சார்? உங்க அத்தான் ஊர் மாறுறதுக்கு முன்னாடி இடுப்பு வலிக்கு இங்கதான் தினமும் காலையில வந்துட்டிருந்தாரு, உக்காந்தா நாங்க ரெண்டு பேர் பிடிச்சாத்தான் எழுந்திரிப்பாரு."