சோப்பு போட்டால்தான் சிலிண்டர்

மேற்கு தாம்பரத்தில் பாதி வீடுகளுக்குள் நான் அடித்த கேட்டைத் திறக்காமல் நுழைய முடியாது. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் கேஸ் வெல்டிங்கில் எவன் முன்னாலும் கை கட்டி நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட என்னை, என் பட்டறையிலேயே சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். ஆக்ஸிஜன் சார்.

ரயில்வேயில் கிளார்க். வீட்டுக் கூடத்தில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் கடல். நிஜக் கடல்தான். கோவளத்திலிருந்து கேன் கேனாக பஸ்ஸில் கொண்டுவருவார். "இன்னா சார், சரக்கா?" என்று கண்டக்டர் கேட்டால், கோபப்படாமல் மூடியைத் திறந்து முகரக் கொடுப்பார்.

கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்று மீனுக்கு மூச்சு முட்டும். அதற்கென்று விற்கிற சாமான்களின் விலையைக் கேட்டு மிரண்டுபோய் என்னிடம் வந்தார். ஆக்ஸிஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாடகைக்கு வேண்டுமாம்.

"இன்னா சார், இரும்பு வெட்ற காத்த மீனுக்கு வுடப் போறீங்களா?" என்றான் என் வெல்டர் காதர்.

"அதே ஆக்ஸிஜன்தான் காதர். திறக்கிற விதம்தான் வேற."

முதலில் பக்கெட்டில் ஒத்திகை. காதர் வெல்டிங்குக்குத் திறக்கிற மாதிரியே திறந்தான். பக்கெட் தண்ணீர் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில். பிறகு சார் ரெகுலேட்டரை ஆகக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, அதற்கப்புறம் காற்றை இம்மி இம்மியாக விடுகிற ஒரு சின்ன ஊசி வால்வு போட்டு, தொட்டித் தண்ணீர் திரும்பி ஏறாமல் ஒருவழி வால்வும் போட்டார். முத்து முத்தாகக் குமிழி வந்தது. அந்த ஊசி வால்வைக் கடைந்து கொடுத்தவன் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

அனகாபுத்தூர் சந்துகளில் ஆறு ஏறிய அந்த மழையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. பட்டறையில் எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். சார் சொட்டச் சொட்ட வந்து நின்றார். ஆரஞ்சு மீன் ஜோடி முதல் தடவையாக முட்டை வைத்திருக்கிறது, இன்றைக்குப் பொரிய வேண்டும், தண்ணீர் அசையாவிட்டால் அத்தனையும் போய்விடும்.

காதர் பாய்ந்து ரெகுலேட்டரை எடுக்கப் போனான்.

"தொடாதே. கையில என்ன?"

"பஜ்ஜி சார்."

"எண்ணெய். ஆக்ஸிஜன் அழுத்தத்துல எண்ணெய் பட்டா தீப்பெட்டியே வேணாம், தானா பத்திக்கும். சோப்பு எங்க?"

"சார், அங்க முட்ட பூடும் சார்."

"போகட்டும். நீ இருக்கணும்ல. கழுவு."

அந்த விதியைச் சுவரில் எழுதி மாட்டியதே நான்தான். அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் என் தலையை முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய். நானும் கழுவினேன், தலையில் துண்டும் கட்டிவிட்டார். தெருவே பார்த்தது.

மூன்று சக்கர வண்டியில் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, தார்ப்பாயால் மூடித் தள்ளிக்கொண்டு போனோம். கூடம் இருட்டு. சாரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார். சார் ஊதி அணைத்தார்.

"சாமி விளக்காவது இருக்கட்டுமே," என்றார் அக்கா.

"சாமிக்கு இருட்டுல கண்ணு தெரியும். ஜன்னலைத் திற."

வேடிக்கை பார்க்க வந்தவர்களின் பீடியெல்லாம் வாசலோடு நின்றது. ஜன்னல் கிரில்லில் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டினோம். அதுவும் நான் அடித்த கிரில்தான். யானையைக் கட்டினாலும் தாங்கும். மறுபடி பக்கெட், மறுபடி சோதனை. கடைசியில் தொட்டிக்குள் குமிழி ஏறியது. துவண்டுபோயிருந்த அப்பா மீன் கொஞ்ச நேரத்தில் எழுந்து, முட்டைகளுக்குச் செட்டையால் விசிற ஆரம்பித்தது. சார் சிலிண்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கிளம்புகிறேன் என்றேன், காதில் விழவில்லை. எனக்கும் கால் நகரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் என் தோளைத் தட்டி டார்ச் அடித்துக் காட்டினார். "குஞ்சு வந்துடுச்சு, பாருங்க. எத்தனை பாருங்க."

கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்த்தேன். அறுபதை நெருங்கிய, வெல்டிங் வெளிச்சம் தின்ற கண்கள் எனக்கு. தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உங்க ஜாடைதான் சார்," என்றேன்.