வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும் சீமைப்பலாக் கன்று குறித்து

வெள்ளிக்கிழமைதோறும் ‘மேல்முறையீட்டில் இந்த வாரம்’ பகுதியை எழுதி வெளியிடும் ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, கிறிஸ்டியானா மேட்டுத் தெருவிலிருந்து டமோயா ஃபில்பாட்ஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

இந்தக் கடிதம் தாமதமாக வருகிறது என்பது எனக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரி, ஒரு வரி எழுதினால் அவன் விழிக்கிறான், மறு வரி எழுதுவதற்குள் பசிக்கிறது அவனுக்கு. முதலில் ஒரு கேள்வி, மறைக்காமல் பதில் சொல்லுங்கள்: தங்கள் நிருபர் யாராவது எங்கள் தெருவில் குடியிருக்கிறாரா? இந்த ஜமைக்காவில் எத்தனையோ தெரு இருக்க, கிங்ஸ்டனில் உட்கார்ந்து நீதிபதிகள் எத்தனையோ தீர்ப்பு எழுத, தாங்கள் ஒரே வெள்ளிக்கிழமையில் தேர்ந்தெடுத்துப் போட்ட மூன்றும், சிவில் ஒன்று, கிரிமினல் ஒன்று, வேலை வழக்கு ஒன்று, எங்கள் வீட்டுக் கொல்லைக்கென்றே தைத்த சட்டை மாதிரி எப்படிப் பொருந்துகின்றன? தற்செயல் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் படித்தவள்.

நடந்ததைச் சொல்கிறேன். என் மகன் அகீமின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்த அன்று நான் சொன்னது ஒரே வார்த்தைதான்: “குப்பையில போடு.” நான் உயிரியல் பட்டதாரி, பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுக்கிறவள். கொடியை மண்ணில் புதைத்து மேலே ஒரு கன்றை நட்டால்தான் பிள்ளைக்கு இந்த மண்ணில் பிடிப்பு இருக்கும், அந்த மரம்தான் பிள்ளையின் முதல் சொத்து என்று என் மாமியார் முதல் தபால்காரர் வரை சொன்னபோது சிரித்தவள். போடு என்று சொன்னேன்தான். ஆனால் அந்த வீட்டில் நான் சொல்கிற எதையாவது யாராவது உடனே செய்ததுண்டா, இதை மட்டும் செய்துவிட? அன்று சாயங்காலம், முழுக்க முழுக்க அறிவியல் ஆர்வத்தினால், யாரும் பார்க்காதபோது குப்பைக்கூடையைக் கிளறிப் பார்த்தேன். கொடி இல்லை. கூடை காலியாகவும் இல்லை. மற்ற குப்பையெல்லாம் அப்படியே இருந்தது. அப்படியானால் யாரோ அதை மட்டும் எடுத்திருக்கிறார்கள். என் கணவர் ஒனீலா? அவர் மழைநீர்த் தொட்டியைக்கூட வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர். மிச்சம் இருப்பது வீட்டு வேலைக்கு வரும் மிஸ் வெர்னிஸ். அன்றிலிருந்து அந்த அம்மாள் பாத்திரம் கழுவும்போது பாடுகிற பாட்டைக்கூட நான் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். ரொம்ப சந்தோஷமாகப் பாடினாள்.

அடுத்து மாஸ் லெபர்ட். பக்கத்து வீட்டுக்காரர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் எல்லாம் இங்கிலாந்தில், பேச்சுத் துணைக்கு ஒரு நாயும் தங்கள் பத்திரிகையும். ஒரு நாள் உயிர்வேலிக்கு மேலாக எட்டி என் இடுப்பில் இருந்த குழந்தையிடம் சொல்கிறார்: “என்னடா அகீமு, உன் மரம் புது இலை விட்டிருக்கு, பாத்தியா?” நான் எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப்பக்கம், ஒரு முழம் தள்ளி, செம்மண்ணில் ஒரு சீமைப்பலாக் கன்று. நேரே சமையலறைக்குப் போனேன். மிஸ் வெர்னிஸிடம் கேட்டேன். “நான் எதையும் நடலை, மிஸ் டமோயா,” என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். சரி, பரவாயில்லை, வீட்டுச் சொந்தக்காரரின் வரைபடத்தில் எல்லை இன்னும் நாலு முழம் தள்ளித்தான் இருக்கிறது, வேலிதான் கோணல், ஆகவே கன்று நம் பக்கம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தங்கள் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு வீட்டாரும் நெடுங்காலமாக வேலியையே எல்லையாக ஏற்று நடந்திருந்தால், வரைபடம் என்ன சொன்னாலும் வேலியே எல்லை என்று மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக! ஐயா, வியாழக்கிழமை வரை அந்தக் கன்று எங்கள் நிலத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் தாங்கள் அதைத் தூக்கி மாஸ் லெபர்ட் நிலத்தில் வைத்துவிட்டீர்கள். அவரும் சும்மா இல்லை. காலை ஆகாரம் முடிந்ததும் அளவு நாடாவோடு கன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதற்கு அளக்கிறார்? மரம் அவருடையது என்றால் மரத்தடியில் இருப்பது யாருடையது? என் பிள்ளையின் கொடியை வைத்துக்கொண்டு நாளைக்கு என் பிள்ளை மேலேயே பாத்தியதை கொண்டாடினால்? சிரிக்காதீர்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அகீமின் கன்று யாரும் வெட்ட முடியாத, பிடுங்க முடியாத இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது வேறு விஷயம்.

மாஸ் லெபர்ட் சனிக்கிழமையில் கோயிலுக்குப் போகிற சபைக்காரர். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஆகவே சனிக்கிழமை காலை அவர் கோட்டும் தொப்பியுமாகக் கிளம்பியதும், ஒனீல் குழந்தையோடு உள்ளே இருக்க, நான் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, கையில் சின்ன மண்வெட்டியோடு வேலியில் நுழைந்தேன். திருடப் போகவில்லை, ஐயா. இடம் மாற்றப் போனேன். பாதி மண் எடுப்பதற்குள் அவருடைய நாய் பிஷப் வந்து என் பாவாடை நுனியைக் கவ்விக்கொண்டது. நான் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, கேட் திறக்கிற சத்தம். மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார் மனுஷர்! “யாரது அங்க? யாரு குனிஞ்சிருக்கிறது?” என்று கத்தினார். நான் நிமிரவே இல்லை. அப்படியே வேலிக்குள் பாய்ந்தேன். கன்று தப்பியது, பாவாடை தப்பவில்லை. அன்றைக்கு எனக்கு ஆறுதல் தந்தது தங்கள் இரண்டாவது தீர்ப்புதான், அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். வாழைத்தார் திருட்டு வழக்கில், ஓடுகிறவனின் முதுகை ஒரு கணம் பார்த்ததை வைத்து இவன்தான் என்று சொல்ல முடியாது என்று விடுதலை செய்தார்களே, அது. கண்ணாடி இல்லாத மனுஷர், ஒரு கணம், முதுகு மட்டும். நான் அதை வெட்டி எடுத்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆனால் மிஸ் வெர்னிஸை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவு செய்தேன். கன்றை அங்கே நட்டது அவள்தான், மாஸ் லெபர்டோடு வேலிக்கு மேலே கீரை கொடுத்துக் கீரை வாங்குவதே சதிதான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. “நாளையிலேர்ந்து வரவேணாம்,” என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். “அப்படிச் சொல்லக்கூடாது, மிஸ் டமோயா. மூணாவது தீர்ப்பு படிக்கலையா? குற்றத்தை எழுதிக் குடுக்கணும், விசாரணை வைக்கணும், என் பக்கம் பேச ஒரு ஆளைக் கூட்டிட்டு வர விடணும்.” தாங்கள் இதை எழுதாமல் இருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? சரியென்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் விசாரணை வைத்தோம். ஒனீல் தலைவர், அவருக்கு ஏனோ ஒரே வியர்வை. மிஸ் வெர்னிஸ் தன் பக்கம் பேசக் கூட்டிவந்த ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? மாஸ் லெபர்ட்! டை கட்டியிருந்தார், சட்டைப்பையில் தங்கள் பத்திரிகை.

“தலைவர் அவர்களே,” என்று எழுந்தார், “டீச்சரம்மா எழுதின குற்றப்பத்திரிகையில நாள் இல்லை, சாட்சி இல்லை. சந்தேகம் மட்டும் வண்டி வண்டியா இருக்கு.”

“நேத்து உங்க கொல்லையில என்ன நடந்ததுன்னு கேக்க மாட்டீங்களா?” என்று நான் அவரையே மடக்கப் பார்த்தேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை.

“நேத்து ஒரு பெண்மணியின் பின்பக்கத்தைப் பாத்தேன்,” என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. “யாருன்னு சொல்லமாட்டேன். ஒரு கணம் பாத்ததை வச்சுச் சொல்லக்கூடாதுன்னு மேல்கோர்ட்டு சொல்லிருச்சு. பாவாடைத் துணி பிஷப்கிட்ட இருக்கு, வேணும்ங்கிறவங்க வந்து வாங்கிக்கலாம்.”

மிஸ் வெர்னிஸ் சிரிப்பை அடக்க இருமினாள். நான் மேசையைத் தட்டினேன். “கன்னை நட்டது யாரு? அதுக்கு மட்டும் பதில் வேணும்!”

“தெரியும். சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்,” என்றார் மாஸ் லெபர்ட், தலைவரைப் பார்த்து.

தலைவர் எழுந்து நின்றார். “இந்த வழக்கை நான் விசாரிக்கக் கூடாது, டமோயா.”

“ஏன்?”

“நட்டதே நான்தான்.”

கேட்டீர்களா, ஐயா? நான் போடச் சொன்னதைக் குப்பையிலிருந்து திரும்ப எடுத்து, மாஸ் லெபர்டின் காலில் விழாத குறையாகக் கேட்டு, அவர் கொல்லையில் புதைத்துக் கன்றும் நட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று மாதமாகக் கூடவே படுத்து எழுந்திருக்கிறார். “சொன்னா நீ சிரிப்பேன்னு நெனச்சேன்,” என்றார். “இது வாடகை வீடு, டமோயா. நாளைக்கே வீட்டுக்காரர் கார் நிறுத்தணும்னு சிமெண்ட் போட்டுட்டா? மாஸ் லெபர்ட் மண்ணு குடும்ப மண்ணு. பாட்டன் எல்லாருக்கும் சேத்து விட்டுட்டுப் போனது. யாரும் விக்க முடியாது, யாரும் பங்கு பிரிக்க முடியாது.”

மாஸ் லெபர்ட் டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். “அந்தக் கொல்லையில என் புள்ளைங்க ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மரம் நிக்குது, டீச்சரம்மா. அவனுங்க பர்மிங்ஹாம்ல பனியில நடுங்கறானுங்க, இங்க காய் பழுத்து விழுந்து அழுகுது. எங்க மண்ணுல கொடி புதைஞ்சவன் எங்க ஆளு. இனிமே அகீமு என் கேட்டைத் தட்ட வேணாம், தள்ளிட்டு வரலாம். நாடா வச்சு அளந்தது ஆடு கடிக்காம ஒரு கூண்டு கட்டத்தான். இன்னிக்குக் காலையிலேயே கட்டிருப்பேன், யாரோ சுத்தி மண்ணை நோண்டி வச்சிட்டாங்க.”

அதற்குமேல் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. மிஸ் வெர்னிஸ் மீன் பொரித்தாள், மாஸ் லெபர்ட் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். என் பிள்ளைக்கு இந்த மலையில் யாராலும் பறிக்க முடியாத ஓர் இடம் கிடைத்துவிட்டது. இப்படியும் ஒரு நல்ல மனுஷர் இருக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை; அது என் சுபாவம், அதற்காகத் தங்களைக் குறை சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சொல்கிறேன். ஆகவே தாங்கள் இந்தப் பகுதியை உடனே நிறுத்த வேண்டும், அல்லது தீர்ப்புகளைக் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு எட்டாத மாதிரி பொடி எழுத்தில் போட வேண்டும். மற்ற தாய்மார்கள் எச்சரிக்கையாக இருக்கும்பொருட்டு இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல், என் பெயரோடு, முதல் பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இல்லத்தில் உள்ள சின்னஞ்சிறுசுகளுக்கு என் ஆசிகளும், பெரியவர்களுக்கு என் வணக்கமும், தங்கள் மேசை மேல் தேநீர் ஆறாமலும் பேனா மை வற்றாமலும் இருக்க என் பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
டமோயா ஃபில்பாட்ஸ், பி.எஸ்ஸி.

பின்குறிப்பு: ஐயா, உறையை ஒட்டப் போகும்போது மிஸ் வெர்னிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் கைப்பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பஞ்சில் சுற்றி அகீமின் கொடி. நான் உயிரியல் படித்தவள், சந்தேகமே இல்லை, அதுதான். நான் போடச் சொன்ன அடுத்த நிமிடமே எடுத்து வைத்துவிட்டாளாம். “அப்பவே சொல்லியிருந்தா, போடச் சொன்னதைப் போடலைன்னு அதுக்கும் ஒரு குற்றம் எழுதுவீங்க. விசாரணையில மிஸ்டர் ஒனீல் அவ்வளவு பெருமையா நிக்கும்போது எப்படிச் சொல்றது?” அப்படியானால் என் கணவர் கூடையிலிருந்து பயபக்தியோடு எடுத்துப் புதைத்தது என்ன என்று கேட்டேன். டீக்காக அடுப்புக்கு மேலே காயப் போட்டிருந்த ஆரஞ்சுத் தோலில், கொடி மாதிரியே கருத்துச் சுருண்ட ஒரு துண்டு அன்றைக்கு ஒடிந்து விழுந்ததாம், அதைத்தான் அவள் கூடையில் போட்டாளாம். வரும் சனிக்கிழமை மாஸ் லெபர்ட் கோயிலுக்குப் போனதும் நானும் அவளும் டப்பாவும் மண்வெட்டியுமாக மறுபடி உள்ளே போகிறோம். பிஷப்புக்குப் பொரித்த மீன் தயார். மாஸ் லெபர்ட் தினமும் காலையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக் குழந்தை பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார். தங்கள் பத்திரிகையையும் ஒரு வரி விடாமல் படிக்கிறவர். ஆகவே, தயவுசெய்து, இந்தக் கடிதத்தை அச்சிடவே அச்சிடாதீர்கள்.