இடது கன்னம் வாங்கித் தந்த சீட்டு

நேர்காணலுக்குப் போகிறவர்கள் நேராகப் போய்விட வேண்டும். நடுவழியில் போட்டோ எடுக்க ஆசைப்படக் கூடாது. நான் ஆசைப்பட்டேன்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த துறை அழற்சி. அதாவது, அடிபட்டாலோ கிருமி நுழைந்தாலோ உடம்பு சிவந்து, சூடாகி, வீங்கி நமக்காகப் போடும் சண்டை. எம்.எஸ்சி. முடித்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு அந்தப் படிப்புக்கான நேர்காணல்தான் கடைசி வாய்ப்பு. "இதுவும் இல்லேன்னா கல்யாணம்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார். (சிங்கப்பூர் மாப்பிள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பயமாக இருந்தது.)

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூருக்கு அண்ணனின் பைக்கில் கிளம்பினோம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இருபுறமும் நடவு முடிந்த வயல். ஸ்டேட்டஸில் போட வேண்டாமா? வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு மோட்டார் கொட்டகைக் கதவில் ஒயிலாகச் சாய்ந்தேன். மேலே இருந்த குளவிக்கூட்டை நான் பார்க்கவில்லை. குளவிகள் என்னைப் பார்த்துவிட்டன.

கன்னத்தில் ஒரு கொட்டு, உதட்டில் ஒரு கொட்டு. அண்ணன் பெட்டிக்கடையில் சுண்ணாம்பு வாங்கி அப்பினான். தஞ்சாவூர் போவதற்குள் இடது கண் மூடிக்கொண்டது.

பல்கலைக்கழக வாசலில் வாட்ச்மேன் அழைப்புக் கடிதத்திலிருந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு வரலையா?"

"நாந்தாங்க அது."

ஆதார் அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார். (அந்தப் படம் வீங்கிய முகத்தோடு நன்றாகவே ஒத்துப்போனது.)

உள்ளே நேர்காணல் குழுவின் தலைவராக உட்கார்ந்திருந்த அம்மையார் பதறிவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போகலையாம்மா?"

"இதை முடிச்சுட்டுப் போறேங்க."

பக்கத்திலிருந்த பேராசிரியர் இரக்கப்பட்டு எளிய கேள்வியாகக் கேட்டார்.

"அழற்சியோட அடையாளம் என்னென்ன?"

படித்ததெல்லாம் மறந்துவிட்டது. அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியதும் சுரீர் என்றது. அப்போதுதான் உறைத்தது, பதிலை முகத்திலேயே வைத்துக்கொண்டு எங்கேயோ தேடுகிறேன் என்று.

"இந்தக் கன்னத்தைப் பாருங்க சார். செவப்பு. தொட்டா சூடு. வீக்கம். வலியை நீங்க கேக்கவே வேணாம். கடைசியா, அந்த உறுப்பு வேலை செய்யாது. இந்தக் கண்ணுக்கு இப்ப நீங்க யாருமே தெரியல."

சிரிப்பு அடங்கியதும் கேள்விகள் கடினமாயின. எனக்கோ பயம் போய்விட்டது. ரத்தக் குழாய் விரிவது, நீர் கசிவது, வெள்ளணுக்கள் ஓடிவருவது எல்லாவற்றையும் நேரடி ஒளிபரப்பாகச் சொன்னேன்.

"சுண்ணாம்பு கேக்குதா?" என்றார் பேராசிரியர்.

"தெரியல சார். வலது கன்னத்துலயும் கொட்டு வாங்கி, அதைச் சும்மா விட்டிருந்தா ஒப்பிட்டுப் பாத்திருக்கலாம்."

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் பொண்ணை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

அவரிடமே ஆராய்ச்சி செய்து பட்டமும் வாங்கினேன். அன்றிலிருந்து சொந்தத்தில் யாருக்கு எது வீங்கினாலும் என்னிடம்தான் காட்டுகிறார்கள். போன மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பெரியப்பா வீங்கிய முழங்காலை நீட்டி மருந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் முந்திக்கொண்டான்.

"அவ மருந்தெல்லாம் தர மாட்டா பெரியப்பா. வீக்கம் வத்தறதுக்குள்ள இன்டர்வியூவுக்குப் போகச் சொல்லுவா."