அப்பீல் மாமாவின் மாடிப்படி

எந்தக் காரியமும் முடிகிறவரைக்கும் பொறுக்க மாட்டாமல், பாதியிலேயே எழுந்து மேலிடத்துக்குப் புகார் கொண்டு ஓடுகிற ஒரு ரகம் மனிதரில் உண்டு. 'அரைவேக்காட்டு அப்பீல்காரர்' என்பது இந்த இனத்துக்கு நான் வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு சரி. ஆனால் வெறுங்கையோடு வந்து சொந்தக் கடை போட்டு நிமிர்ந்தவன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற தினுசிலேயே ஆள் இன்ன ரகம் என்று சொல்லிவிடுவேன். பெரிய படிப்பாளிகளே என்னிடம் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இந்த இனத்தின் திலகம், எங்கள் தெருவில் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவர். உறவு, அயல் அத்தனைக்கும் அவர் அப்பீல் மாமா. முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் கத்தரித்து மறுபக்கம் திரும்புவதற்குள், "ஒரு பக்கம் கோணலா இருக்கே!" என்று போர்த்திய துணியோடு எழுந்து, எதிர்க்கடைக்காரரிடம் நியாயம் கேட்கத் தெருவைக் கடப்பார். டாக்டர் நாக்கடியில் வைத்த தெர்மாமீட்டரை எடுப்பதற்குள், அதை வாயில் கவ்வியபடியே வேறு டாக்டரைத் தேடுவார். மனைவி அடுப்பில் வைத்தது கொதிப்பதற்குள் மைத்துனிக்குப் போன் போய்விடும்: "உங்க அக்கா வைக்கிற குழம்பைக் கொஞ்சம் வந்து பாரும்மா." இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வழக்கும் வாய்த்துவிட்டால் கேட்க வேண்டுமா?

வாய்த்தது. கீழ்வீடு மாமாவின் தம்பிக்கு, மாடிவீடு மாமாவுக்கு. நடுவே ஒரு மாடிப்படி. அது தன் வாசலில் நிற்பதால் தனக்கே சொந்தம், இடித்துவிட்டுக் கார் நிறுத்துவேன் என்றார் தம்பி. இருவருக்கும் பொது என்றார் மாமா. படி போனால் மாமா தன் வீட்டுக்குள் பறந்துதான் போக வேண்டும். நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். அதுதான் வேடிக்கையே.

தம்பியின் வக்கீலுக்குப் பல்வலி என்று நீதிபதி வாய்தா கொடுத்தார். மாமா மேல்கோர்ட்டுக்கு அப்பீல். தம்பி கொடுத்த போட்டோ ஒன்றைச் சாட்சியமாக ஏற்றார். அப்பீல். "ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசக்கூடாது" என்றார். அதற்கும் அப்பீல்! போன வேகத்தில் எல்லாம் திரும்பி வந்தன.

"சார், நடுவுல போடுற உத்தரவுக்கெல்லாம் மேல போக முடியாது" என்று மன்றாடினார் மாமாவின் வக்கீலம்மா. "கேஸ் முடியட்டும். தப்பு இருந்தா கடைசித் தீர்ப்போட சேர்த்துச் சொல்லிக்கலாம். பின்னாடி சரிபண்ணவே முடியாத நஷ்டம் வரும்னா மட்டும்தான் நடுவுல ஓடணும்."

"பல்வலின்னு பொய் சொல்றான்மா அவன்! என் மனசு பட்ட நஷ்டத்தை யாரு சரிபண்றது?"

"மனசு கணக்குல வராது சார்."

கடைசியில் மேல்கோர்ட்டு நீதிபதியே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெரியவரே, இறுதித் தீர்ப்பு வரும்வரை சற்றுப் பொறுமையாக இருங்களேன்" என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். அந்தப் 'பெரியவரே' மாமாவின் நெஞ்சில் இறங்கிவிட்டது. அன்றே பொறுமைசாலியாகிவிட்டார். சாதாரணப் பொறுமையா? முடி வெட்டும்போது காதில் கத்தரி பட்டும் வாய் திறக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான், படியில் விரிசல் இருக்கிறது, ஆபத்து, வழக்கு நடக்கும்போதே இடித்துக்கொள்ளலாம் என்று தம்பி ஓர் உத்தரவு வாங்கினார். வக்கீலம்மா மூச்சிரைக்கப் போன் செய்தார்.

"சார், இதுக்கு இப்பவே அப்பீல் போகலாம்! போயே ஆகணும்! ஒரு கையெழுத்துப் போட வாங்க."

மாமா புன்னகைத்தார். "என்னம்மா இவ்வளவு அவசரம்? இது நடுவுல போட்ட உத்தரவு."

"சார், படியை இடிச்சிட்டா..."

"சட்டத்தை நல்லாப் படிங்கம்மா. எல்லாத்தையும் கடைசியில சேர்த்துச் சொல்லிக்கலாம்."

கீழே சம்மட்டி விழ ஆரம்பித்தது. மாடியே அதிர்ந்தது. மனைவி ஓடிவந்தார். "ஏங்க, படியை இடிக்கிறாங்க! தக்காளி வேகறதுக்குள்ள எங்க தங்கச்சிக்குப் போன் போடுவீங்களே, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பொறுமைடி. பெரிய கோர்ட்டே என்னைப் பெரியவரேன்னு சொல்லியிருக்கு."

சாயங்காலம் கடைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தார். எதிரே ஆகாயம். கீழே தம்பி, புதுக் காருக்கு அளவு பார்த்துக்கொண்டே, "பாத்துண்ணே, காலைக் கீழ வெச்சிடாதீங்க!" என்று பாசமாகக் கத்தினார்.

"ஏண்டா, நான் எப்படிடா எறங்கறது?"

"ஏணி தர்றேன்ண்ணே. ஆனா அது எனக்கு மட்டும்தான் சொந்தம். வேணும்னா கேஸ் போட்டுக்குங்க."

அப்புறம் ஒருவழியாக இறுதித் தீர்ப்பும் வந்தது. வக்கீலம்மா தெருவில் நின்று, வாயருகே கை குவித்து மாடியைப் பார்த்துக் கூவினார்: "சார், ஜெயிச்சிட்டோம்! படி ரெண்டு பேருக்கும் பொதுவாம்! நீங்க எப்ப வேணும்னாலும் ஏறி எறங்கலாமாம்!"

"எந்தப் படியிலம்மா?"

வக்கீலம்மா தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தார். "அது... எதுவும் போடலை சார்."

மாமாவின் பழைய ரத்தம் பொங்கியது. "அப்ப போடுங்கம்மா அப்பீலை!"

"கேட்டதெல்லாம் குடுத்துட்டாங்களே சார். ஜெயிச்சவங்க எப்படி அப்பீல் போறது?"

மாமா கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து மைத்துனிக்குப் போன் போகிற சத்தம் கேட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ரகம் எல்லா வீட்டிலும் உண்டு. அதுவும் கையில் எதையாவது வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறவர்களிடம்தான் அதிகம் என்பது என் அனுபவம். என்ன, "நான் அப்படியில்லை" என்று அதற்குள் வாயெடுத்துவிட்டீர்களா? நான் இன்னும் சொல்லி முடிக்கவேயில்லையே!